முடிந்த கதையும் முடியாத தொடரும்: இணைய நாவலுக்குப் பயிற்சியாகத் தனிச்சிறுகதை

இணைய நாவல் என்று இக்கட்டுரையில் குறிக்கப்படுவது, முழுவதும் எழுதி முடித்தபின் இணையத்தில் ஏற்றப்படும் நூலன்று. எழுதப்படும்போதே அத்தியாயம் அத்தியாயமாக வெளியாகி, அடுத்த அத்தியாயம் எழுதப்படும் முன்னரே முந்தையது வாசகரைச் சென்றடைந்துவிடும் படைப்பே அது. தமிழ் வாசகர்க்கு இவ்வடிவம் முற்றிலும் புதியதன்று. வார இதழ்த் தொடர்கதை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக நமக்குப் பழக்கமானது. ஆயினும் தொடர்கதைக்கு ஓர் ஆசிரியர் இருந்தார். இத்தனை பக்கம் என்ற எல்லை இருந்தது. போதும் என்று முடித்துவைக்கும் அதிகாரமும் இதழின் கையில் இருந்தது. இணைய நாவலாசிரியருக்கு இம்மூன்றும் இல்லை. எவரும் அவரைத் தொடங்கச் சொல்வதில்லை. எனவே எவரும் முடிக்கச் சொல்வதுமில்லை.

இவ்வடிவத்தில் எழுதியோர் எட்டியுள்ள நீளம் வியப்பிற்குரியது. வைல்ட்போ என்னும் புனைபெயரில் எழுதும் கனடிய எழுத்தாளரின் 'வோர்ம்' என்ற ஆங்கிலத் தொடர் 2011 ஜூனில் தொடங்கி 2013 நவம்பரில் நிறைவுற்றது. வாரம் இருமுறைக்குக் குறையாமல் வெளிவந்த அதன் மொத்த அளவு ஏறத்தாழ 17 லட்சம் சொற்கள். தமிழில் ஜெயமோகனின் 'வெண்முரசு' 2014 ஜனவரி முதல் நாள் தொடங்கி 2020 ஜூலை வரை நாள்தோறும் ஓர் அத்தியாயமாக வெளிவந்து 26 நாவல்களாக அமைந்தது. இவை நிறைவுற்ற படைப்புகள் என்பதாலேயே அறியப்பட்டவை. ஐந்தாம் அத்தியாயத்திலோ ஐம்பதாம் அத்தியாயத்திலோ ஓசையின்றி நின்றுபோன தொடர்களை எண்ணிக் கணக்கிட எவரும் முன்வந்ததில்லை. ஆனால் இணையத்தில் தொடர் வாசிக்கும் பழக்கமுடைய ஒவ்வொருவரும் அப்படிச் சிலவற்றைக் கண்டிருப்பர்.

தொடர் நிற்பதற்கு எழுதுவோரின் சோம்பலைக் காரணமாகச் சொல்வது எளிது. ஆனால் அது பெரும்பாலும் தவறு. அச்சு நாவலாசிரியர் இருநூறாம் பக்கத்தில் தம் கதைமாந்தரைச் சரியாகப் புரிந்துகொண்டதும் முதல் பக்கத்திற்குத் திரும்பித் திருத்திவிடுவார். வாசகர் கையில் கிடைப்பது தேர்ந்த கை எழுதிய முதல் பக்கம். இணைய நாவலிலோ முதல் அத்தியாயம் அத்தொடரின் மிகக் குறைந்த அனுபவமுடைய கையால் எழுதப்பட்டு, அப்படியே உலகின் முன் நிற்கிறது. அதனை நம்பியே நூற்றுக்கணக்கான அத்தியாயங்கள் எழவேண்டும். நடுவழியில் பிழையை உணரும் எழுத்தாளருக்கு இரண்டே வழிகள் உள்ளன: பிழையோடு தொடர்வது, அல்லது நிறுத்துவது. இந்நிலையில் பயிற்சி என்பது எங்கே, எதன்மேல் நிகழவேண்டும் என்ற வினா எழுகிறது. நெடுந்தொடருக்கு முன் தனித்து நிற்கும் சிறுகதைகளை எழுதிப் பழகுக என்பது எழுத முனைவோர்க்கு வழக்கமாகத் தரப்படும் விடை. அந்த விடை எந்த அளவுக்கு உண்மை என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

முடிவு என்னும் கைத்திறன்

முதலில் ஒரு எளிய கணக்கு. மூவாயிரம் சொற்கள் கொண்ட பத்துச் சிறுகதைகளை எழுதுபவர் முப்பதாயிரம் சொற்கள் எழுதுகிறார். அதே உழைப்பு ஓர் இணைய நாவலின் தொடக்கப் பகுதிக்கே செலவாகிவிடும். சிறுகதை எழுதியவர் இதற்குள் பத்து முறை தொடங்கி, பத்து முறை முடித்திருப்பார். நாவல் எழுதியவர் ஒரு முறை தொடங்கியிருப்பார். முடிவை இன்னும் தொட்டே இருக்கமாட்டார். மூன்றாண்டு எழுதும் ஒருவருக்குத் தம் முதல் முடிவை எழுதும் வாய்ப்பு மூன்றாம் ஆண்டின் இறுதியிலேதான் வாய்க்கும். அதுவும் ஆயிரக்கணக்கானோர் காத்திருக்கும் வேளையில்.

எனவே சிறுகதை தரும் பயிற்சியில் முதன்மையானது முடிக்கும் பயிற்சி. முடிவென்பது கடைசிப் பத்தியின் திருப்பம் என்று சுருக்கிக் கொள்ளலாகாது. எதைத் தொடக்கத்தில் வைத்தால் அது பின்னர் பலன் தரும், எந்தக் கதைமாந்தரின் வேலை முடிந்துவிட்டது, வாசகர் கேட்கும் வினாக்களில் எதற்கு விடை தரவேண்டும், எதனைத் தராமலே விடலாம் என்ற தீர்ப்புகள் யாவும் முடிவோடு சேர்ந்தவை. இத்தீர்ப்புகளைச் செய்யப் பழகாதவர், தொடரில் ஒவ்வொரு முடிச்சையும் அவிழ்ப்பதற்கு மாறாக இன்னொரு முடிச்சைப் போட்டுச் செல்வார். வாசகர் சில காலம் அதனைச் சுவையாகவே கொள்வர்.

ஆனால் சிறுகதைத் தேர்ச்சி தானாகவே நாவல் தேர்ச்சியாக மாறிவிடும் என்று கருதுவதற்கு இடமில்லை. தமிழ் இலக்கிய வரலாறே இதற்குச் சான்று. சிறுகதையின் பேராசானாகப் போற்றப்படும் புதுமைப்பித்தனின் 'அன்னை இட்ட தீ' முற்றுப்பெறாத நாவல். மௌனி நாவல் எழுதவே இல்லை. சிறுகதை கற்றுத்தராதவை பல உண்டு. நாற்பதாம் அத்தியாயத்தில் ஒருவர் சொன்ன பொய்யை நூற்றிருபதாம் அத்தியாயம் வரை நினைவில் தாங்கும் ஆற்றல் அவற்றுள் ஒன்று. ஒரு மனிதர் மாறுவதை ஒரே கணத்தில் காட்டாது ஈராண்டு காலத்தில் படிப்படியாகக் காட்டுவது மற்றொன்று. இவற்றை நெடும்புனைவே கற்பிக்கும்.

தமிழ்த் திறனாய்வில் இத்தொடர்பு போதிய அளவு பேசப்படாமைக்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. மணிக்கொடிக் காலம் தொட்டுச் சிறுகதை உயர்கலையின் பக்கத்திலும், தொடர்கதை சந்தையின் பக்கத்திலும் நிறுத்தப்பட்டன. கல்கி வகைத் தொடர்கதைகளின்மேல் க.நா.சு. முன்வைத்த கடுமையான மறுப்பு இப்பிரிவினையை மேலும் ஆழமாக்கியது. அம்மறுப்புக்கு அன்று நியாயம் இருந்தது. ஆயினும் அதன் பக்கவிளைவாக, ஓர் எழுத்தாளர் தம் சிறுகதையிலிருந்து தொடருக்கு எவ்வாறு கடந்து சென்றார் என்ற தொழில்முறை வினா, கேட்கத் தகுதியற்ற வினாவாகிவிட்டது. கேட்டிருந்தால் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு ஒன்று கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது.

மூடிய கதையைத் திறத்தல்

ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' 1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்தது. மழை பெய்யும் மாலையில் காரில் ஏற்றிச்செல்லப்பட்டு, அங்கே தன் கன்னிமையை இழந்து வீடு திரும்பும் கல்லூரி மாணவி. விதவைத் தாய் முதலில் அதிர்ந்து, பின் மகளின் தலையில் நீரூற்றி, அவள் தூய்மையடைந்துவிட்டாள் என்று தேற்றி, அந்நிகழ்வைத் தம் இருவருக்குள்ளேயே புதைத்துவிடுகிறாள். கதை அங்கே மூடிவிடுகிறது. வாசகரிடையே எழுந்த எதிர்ப்பும் ஆதரவும் பெரிது.

இக்கதையை அப்படியே நீட்டி நாவலாக்க முடியாது. தாய் மன்னித்துவிட்டாள், இரகசியம் காக்கப்பட்டுவிட்டது, மோதுவதற்கு எதுவும் மிஞ்சவில்லை. கலைநோக்கில் அம்முடிவு எவ்வளவு நிறைவானதோ, நெடுங்கதை நோக்கில் அவ்வளவு அடைபட்டது. ஜெயகாந்தன் செய்தது ஒரேயொரு மூட்டைக் கழற்றியது. தாய் வாய்விட்டு அலறிவிடுகிறாள். அக்கம்பக்கம் அறிகிறது, அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான், பெண் மாமனின் தயவில் படித்து அலுவலக அதிகாரியாகிறாள். தினமணி கதிரில் 'காலங்கள் மாறும்' என்ற பெயரில் தொடராக வந்து 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என நூலாகி, 1972ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்ற நாவல் அந்த ஓர் அலறலிலிருந்து பிறந்தது.

இன்னொரு நுட்பமும் இங்கே உண்டு. அந்நாவலுக்குள் ஆர்.கே.வி. என்னும் எழுத்தாளர் வருகிறார். அவர் எழுதிய கதையாக 'அக்கினிப் பிரவேசம்' இதழில் வெளிவந்திருக்கிறது. தனக்கு நேர்ந்ததை ஒத்த நிகழ்வு வேறு முடிவோடு அச்சாகியிருப்பதைக் கங்கை படிக்கிறாள். பயிற்சிக் கதையை மறைக்காமல், நாவலின் உலகிலேயே ஒரு பொருளாக அதனை வைத்துவிட்ட துணிவு இது.

ஜெயகாந்தன் அச்சிறுகதையைப் பயிற்சி என்று கருதி எழுதவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அதனை முழுமையான கதையாகவே எழுதினார். ஆனால் அதனாலேயே அது பயன்பட்டது. இறுதிவரை எழுதி மூடப்பட்ட கதையில்தான், எந்த இடத்தைக் கழற்றினால் எது சரியும் என்பது தெரியும். பாதியில் விடப்பட்ட குறிப்பில் அது தெரிவதில்லை. பயிற்சிக்கென்று எழுதும் கதையைப் பயிற்சிதானே என்று அரைகுறையாக விடுபவர்கள் இழப்பது இதையே.

இதே சிக்கல் இணையக் காலத்தில் ஒரு நிறுவன வடிவம் பெற்றதை ஜப்பானில் காணலாம். 'நாவலாசிரியர் ஆவோம்' என்று பொருள்படும் 'ஷோசெட்சுகா நி நரோ' என்னும் தளம் 2004இல் தொடங்கப்பட்டது. 'ரீ:சீரோ', 'முஷோக்கு தென்சேய்' ஆகிய பெருந்தொடர்கள் 2012இல் அங்கேதான் தோன்றின. அங்கே ஒரு படைப்பைப் பதிவேற்றும்போதே அது 'தம்பென்', அதாவது ஒரே தவணையில் முடியும் சிறுகதையா, 'ரென்சாய்', அதாவது தொடரா என எழுதுபவர் அறிவிக்கவேண்டும். சிறுகதையாக வெளியிட்டு வரவேற்பைக் கண்டபின், தலைப்பின் அருகே 'தொடர் வடிவம்' என்ற குறிப்போடு மீண்டும் தொடங்குவது அங்கே நிலைபெற்றுவிட்ட வழக்கம். வாசகரின் நாடித் துடிப்பைக் குறைந்த செலவில் அறியும் வழி இது. குறையும் உண்டு. அங்கே பெருவழக்கிலுள்ள ஒரு கதைவகையில், அரண்மனை விருந்தில் இளவரசன் தனக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணை எல்லார் முன்னும் விலக்குகிறான். அவள் அங்கேயே அவனைத் தலைகுனியச் செய்கிறாள். சிறுகதைக்கு இது கச்சிதமான அமைப்பு. தொடராக்கும்போது முதல் அத்தியாயத்திலேயே பகை தீர்ந்துவிடுகிறது. இரண்டாம் அத்தியாயத்திற்கு எரிபொருள் இல்லை. ஜெயகாந்தன் கழற்றிய மூட்டைக் கழற்றாமல் நீட்ட முயல்வதன் விளைவு இது.

அமெரிக்க எழுத்தாளர் ஹியூ ஹோவியின் 'வூல்' வேறொரு வழியைக் காட்டுகிறது. 2011 ஜூலையில் தனிச்சிறுகதையாக மின்னூல் வடிவில் வந்த அதன் தலைமை மாந்தர் நிலத்தடி நகரொன்றின் காவல் அதிகாரி. கதை முடிகையில் அவர் இறந்துவிடுகிறார். வாசகர் தொடர்ச்சியைக் கேட்டபோது ஆசிரியரிடம் மாந்தர் இல்லை, உலகம் மட்டுமே இருந்தது. ஆகவே அடுத்த பகுதி அந்நகரின் முதிய தலைவியிடம் செல்கிறது. அங்கிருந்து இயந்திரத் தளத்தில் பணிபுரியும் ஜூலியட் என்னும் பெண்ணிடம் கதை வந்து நிலைகொள்கிறது. இங்கே முடிவை மாற்றவில்லை. முடிவை அப்படியே விட்டு, ஆளை மாற்றினார். சிறுகதையின் இறப்பு நாவலின் பிற்பகுதிகளுக்கு ஒரு புதிராக நின்று உதவியது.

மூன்றாவது வழி வைல்ட்போவுடையது. 'வோர்ம்' தொடங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அதே உலகில் வெவ்வேறு மாந்தரை நடுவில் வைத்துப் பல வரைவுகளை எழுதிக் கைவிட்டுக்கொண்டிருந்தார். கைவிடப்பட்டவர்களில் பலர் பின்னர் தொடரில் துணைமாந்தராக வந்தனர். கடைத்தெருவில் ஒருமுறை எதிர்ப்படும் மனிதருக்கும் ஒரு முன்கதை இருப்பது போன்ற உணர்வை அத்தொடர் தருவதற்கு இந்த இருப்பே காரணம் எனலாம். அத்தொடர் முடிந்தபின் அவர் நேரே அடுத்ததற்குத் தாவவில்லை. ஒன்றோடொன்று தொடர்பற்ற சில மாதிரிப் பகுதிகளை எழுதி வாசகர்முன் வைத்தார். அவற்றுள் ஒன்று 'பாக்ட்' தொடராயிற்று. மற்றொன்றின் உலகம் பின்னர் 'ட்விக்' தொடருக்கு அடித்தளமாயிற்று. எஞ்சியவை அப்படியே நின்றன. நூறு அத்தியாயங்களுக்குப்பின் பொருந்தாது என்று உணர்வதைவிட, சில பக்கங்களில் உணர்ந்து விலகுவது இழப்பன்று.

தமிழிலிருந்து ஒரு சான்றும் ஓர் எச்சரிக்கையும்

ஜெயமோகனின் பாதையை இவற்றோடு ஒப்பிடுகையில் விரைந்து முடிவுக்கு வருவது தகாது. 'திசைகளின் நடுவே' தொகுதியிலேயே மகாபாரதக் களத்தில் அமைந்த சிறுகதை உண்டு. 'அறம்' வரிசைக் கதைகள் 2011இல் அவரது இணையதளத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. ஒவ்வொன்றும் தனித்து நிற்பது. எனினும் அடுத்தடுத்து வெளியிட்டு உடனுக்குடன் வாசகரின் எதிர்வினையைப் பெறும் இயக்கம் அங்கே முழுமையாகச் செயற்பட்டது. இவற்றை 'வெண்முரசு'க்கான ஒத்திகை என்று சொல்லிவிடும் ஆசை எழலாம். ஆனால் 'விஷ்ணுபுரம்', 'கொற்றவை' ஆகிய பெருநாவல்கள் அதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டன. நீளத்தை அவர் அங்கே கற்றார். சிறுகதை அவருக்குத் தந்தது வேறு. மேலும், இவ்வுறவு ஒருவழிப் பாதையுமன்று. 2020இல் பொதுமுடக்கக் காலத்தில், 'வெண்முரசு' முடிவை நெருங்கிக்கொண்டிருந்த வேளையிலேயே, அவர் பெரும் எண்ணிக்கையில் சிறுகதைகளை எழுதி வெளியிட்டார். நெடுந்தொடர் பழக்கிய கை சிறுகதைக்குத் திரும்பியது.

அசோகமித்திரனின் 'ஒற்றன்!' இவ்விரண்டிற்கும் நடுவே நிற்பது. 1973இல் அமெரிக்காவின் அயோவா நகரில் நடந்த பன்னாட்டு எழுத்தாளர் பட்டறைக்குச் சென்ற அனுபவத்திலிருந்து பிறந்த அந்நூலின் அத்தியாயங்களைத் தனித்தனிச் சிறுகதைகளாகவும் படிக்கலாம், நாவலாகவும் படிக்கலாம். இணைய அத்தியாயம் ஒன்று எப்படி அமையவேண்டும் என்று கேட்போர் அந்நூலை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நலம். அன்றைய வாசகருக்கு அன்றைக்குரிய நிறைவு. நாளைக்கு ஏதோ மிச்சம்.

புலம்பெயர் எழுத்தாளருக்கு இப்பயிற்சியில் இன்னொரு தேவையும் உண்டு. அது மொழி பற்றியது. அவருடைய வாசகர் ஓர் ஊரில் இல்லை. டொராண்டோவிலும் பாரிசிலும் கோலாலம்பூரிலும் சென்னையிலும் ஒரே நாளில் அந்த அத்தியாயம் படிக்கப்படுகிறது. யாழ்ப்பாணத்துப் பாட்டி 'பேந்து பாப்பம்' என்று சொல்கையில் சென்னை வாசகர் ஒரு கணம் தயங்குவார். 'கதிரை'யில் அமர்வதை நாற்காலியில் அமர்வதாக அவர் சூழலால் உய்த்துணர்வார். இந்தத் தயக்கத்தை எவ்வளவு தூரம் அனுமதிப்பது, உரையாடலில் மட்டும் வட்டார வழக்கா, கதைசொல்லியின் குரலிலுமா, பனிக்கால நகரத்தில் வளர்ந்த பேரப்பிள்ளை எந்தத் தமிழில் பேசும் என்பவை முதல் அத்தியாயத்திலேயே தீர்க்கப்படவேண்டியவை. எண்பதாம் அத்தியாயத்தில் பாட்டியின் பேச்சு மாறமுடியாது. மாறினால் அவள் வேறொரு பாட்டி. ஒரே குடும்பத்தின் ஒரே மாலைப்பொழுதை இரு வேறு குரல்களில் இரண்டு சிறுகதைகளாக எழுதிப் பார்ப்பவருக்கு இவ்விடை நான்கு வாரங்களில் கிடைத்துவிடும். எழுதாமல் எண்ணிக்கொண்டே இருப்பவருக்கு அது கிடைப்பதில்லை.

இக்கதைகளுக்கு நாவலின் மைய நிகழ்வை எடுத்துக்கொள்வது பெரும்பாலும் தவறான தேர்வு. மையத்தை ஒருமுறை எழுதி முடித்தவருக்கு அதனை மீண்டும் எழுதும் வேட்கை தணிந்துவிடும். நாவலின் தெருவில் வசிக்கும் மற்றொருவரின் ஒரு நாள், நாவல் தொடங்குவதற்கு முப்பதாண்டுக்கு முன் அதே வீட்டில் நடந்த ஒரு திருமணம், கப்பலேறிய ஒருவர் ஊருக்கு எழுதாத கடிதம் போன்றவை ஏற்றவை. நாவலைப் பற்றி எதுவும் அறியாத ஒருவரிடம் கதையைப் படிக்கக் கொடுக்கவேண்டும். தனித்து நிற்கும் கதை என்பதால் அதன் உலகை இரண்டு மூன்று வாக்கியங்களில் அவருக்கு உணர்த்தியாக வேண்டும். தொடரின் நாற்பதாம் அத்தியாயத்தில் புதிதாக நுழையும் வாசகருக்கும் இத்திறனே கைகொடுக்கும்.

எழுதியபின் இக்கதைகளை என்ன செய்வது என்பதில் எழுத்தாளர் ஒருமித்தவரல்லர். வைல்ட்போ சிலவற்றை அப்படியே விட்டுவிட்டார். ஜெயமோகனின் கதைகள் தனித்தொகுதிகளாகித் தமக்கென வாசகரைப் பெற்றன. ஜெயகாந்தனோ நாவல் வெற்றிபெற்ற பிறகும் சிறுகதையின் முடிவை நாவலுக்கேற்பத் திருத்தவில்லை. தொகுப்புகளில் 'அக்கினிப் பிரவேசம்' அதே நீராட்டுடனேயே நிறைவுறுகிறது. அந்த நீர் தன் தலையில் விழாத கங்கையின் கதை மற்றொரு நூலாகத் தொடர்கிறது.